உரப் பையைப் பிரிக்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்: மாடித்தோட்டம் வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இலை இப்படி ஆகிறது, என்ன உரம் போடலாம்?" சிலர் உர டப்பாவின் படத்தைக்கூட அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதியவர்கள் மூன்றே பேர். தொட்டியில் வளரும் செடி தினமும் வாங்குவது தண்ணீரைத்தான், உரம் என்றைக்கோ ஒரு நாள். அதனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு சென்னையில், கடற்கரைக்குப் பக்கம். போர் தண்ணீர்தான். தக்காளி, மிளகாய், பீன்ஸ் வைத்திருக்கிறேன். இலை நுனி எல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாகிறது. சத்துக் குறைவு என்று நினைத்து வாரம் ஒரு முறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் உரம்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து ஊற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது. டி.டி.எஸ். மீட்டரில் 1400 காட்டுகிறது. இன்னும் கொஞ்சம் உரம் கூட்டலாமா? (ஒரு வாசகி, சென்னை)

வேண்டாம். உரத்தை இன்றே நிறுத்துங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1400 என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1400 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது, அதாவது 1.4 கிராம். செடி வளரும் ஒரு பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீரை வெயிலும் செடியும் எடுத்துக்கொள்ளும், ஆனால் உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும், அடியில் வடிந்து போனால்தான் போகும். அப்படி வடியவே விடவில்லை என்றால் மாதம் 42 கிராம் உப்பு அந்த ஒரு பையில் சேரும். ஒரு கைப்பிடி உப்பை எடுத்துச் செடியின் தூரில் கொட்டியதற்குச் சமம். அதன் மேல் லிட்டருக்கு 2 கிராம் உரம் என்றால் இன்னொரு 2000 மில்லிகிராம் கரைபொருள். உரமும் உப்புதான், செடிக்கு வேண்டிய உப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். வேரைச் சுற்றி உப்பு கூடினால் மண் ஈரமாக இருக்கும்போதே வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால்தான் நுனி தீய்கிறது, மத்தியானம் செடி துவண்டு விழுகிறது, நாமும் தாகமோ பசியோ என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம்.

உங்கள் தொட்டி மண்ணின் மேலேயோ மண் சட்டியின் வெளிப்புறத்திலோ வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். நகத்தால் சுரண்டி எடுத்து ஒரு தட்டில் வைத்து அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு வகை இருக்கிறது, கடினத் தண்ணீர். நுரைக்காமல் சும்மா கரைந்து போனால் பெரும்பாலும் சோடிய உப்பு. கடலோரத்தில் இரண்டாவதுதான் அதிகம், ஏனென்றால் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வருகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு விடுமுறை நாள் காலையில் 15 லிட்டர் மண் இருக்கும் பைக்குக் குறைந்தது 30 லிட்டர் தண்ணீரை, ஒரேயடியாக இல்லாமல், அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து முதலில் வடியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள், 3000, 4000 என்று கூடக் காட்டலாம், பயப்பட வேண்டாம், வெளியே வந்ததே நல்லது. கடைசியில் வடிவது நீங்கள் ஊற்றும் தண்ணீரின் அளவுக்கு நெருங்கி வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். 1400 தண்ணீரால் அலசி மண்ணை 500-க்குக் கொண்டுவர முடியாது, அதற்கு மழை வர வேண்டும். அதுவரை எப்போது ஊற்றினாலும் அடியில் கொஞ்சம் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்து விடுவது உப்புத் தண்ணீருக்கு மிகக் கெட்ட பழக்கம்.

பாசனத் தண்ணீருக்கு உலக உணவு வேளாண் நிறுவனம் சொல்லும் அளவு: 450 வரை கவலை இல்லை, 450 முதல் 2000 வரை பயிரைப் பார்த்துக் கவனமாக, 2000-க்கு மேல் கடும் சிக்கல். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், அதனால் பயிரை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். பீன்ஸ் உப்பைத் தாங்கவே தாங்காது, கேரட், வெங்காயமும் அப்படித்தான். மிளகாய் சுமார். தக்காளி கொஞ்சம் பொறுக்கும். தட்டைப்பயறு, பீட்ரூட், தரையோடு படரும் பருப்புக்கீரை இவை நன்றாகவே தாங்கும். பீன்ஸை மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்டு கோடையில் தட்டைப்பயறு போடுங்கள்.

அலசினால் நல்ல சத்தும் சேர்ந்து போய்விடும். ஒரு வாரம் விட்டு, புதுத் துளிர் வந்தபின், அதே 19:19:19-ஐ லிட்டருக்கு அரை கிராம் போடுங்கள், போதும்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் தினமும் இரண்டு பக்கெட் வீணாகிறது. செடிக்கு ஊற்றலாமா? (வேளச்சேரி வாசகர்)

மீட்டரை வைத்துப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. உள்ளே போகும் தண்ணீர் 300 என்றால் கழிவு 400, 450 வாக்கில் இருக்கும், தாராளமாக ஊற்றலாம். உள்ளே போவதே 1200 என்றால் வெளியே வருவது 1600-ஐத் தாண்டும், அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், மாடி கழுவ, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்னை, வேம்பு போல நிலத்தில் நிற்கும் பெரிய மரம் இருந்தால் அதற்குப் போகலாம். தொட்டிச் செடிக்கு அரிசி கழுவிய நீரும் பருப்புக் கழுவிய நீரும் இதைவிட எவ்வளவோ மேல், உப்பு போடாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் அபார்ட்மென்டில் இருக்கிறோம். சாஃப்ட்னர் போட்ட பிறகு குழாயில் வெள்ளைப் படிவதில்லை, சோப்பு நன்றாக நுரைக்கிறது. ஆனால் ஆறு மாதமாகச் செடிகள் வளரவே மாட்டேன் என்கின்றன. மண்ணில் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கிறது. (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் பழைய மாடிதான் ஞாபகம் வந்தது. நாங்கள் முன்பு இருந்த குடியிருப்பிலும் இதே கதை. அவரைப் பந்தல் போட்டு, பூவெல்லாம் வந்து, அம்மா தினமும் காலையில் வந்து எண்ணிப் பார்ப்பார். மூன்று வாரத்தில் அத்தனையும் நின்ற இடத்தில் காய்ந்தது. நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 620. முந்தின வருடமும் ஏறக்குறைய அதேதான். அதனால் தண்ணீரை நான் சந்தேகப்படவே இல்லை, வேர்ப்புழு என்று நினைத்து மண்ணையெல்லாம் கொட்டிக் கிளறினேன். மண் தனித்தனியாக உதிராமல் களிம்பு மாதிரி கையில் ஒட்டியது, காய்ந்த இடம் சிமென்ட் போல இறுகியிருந்தது. ஒரு நாள் மோட்டார் ரூமுக்குப் போனபோது மூலையில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. இது எதற்கு என்று காவலாளி அண்ணனிடம் கேட்டேன். "சாஃப்ட்னருக்கும்மா, வாரா வாரம் கொட்டணும்" என்றார். அப்போதுதான் புரிந்தது.

சாஃப்ட்னர் தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. மொத்தக் கரைபொருள் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் செடிக்கு வேண்டிய இரண்டு சத்து போய், வேண்டாத ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. சோடியம் கூடக்கூட மண் துகள்கள் சிதறி இடைவெளியை அடைத்துவிடும், அதனால்தான் உங்கள் தொட்டியில் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது.

சங்கத்தில் பேசி, சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிளம்பருக்கு இது பெரிய வேலை இல்லை. எங்கள் குடியிருப்பில் நாலு மாதம் இழுத்தார்கள், ஆனாலும் கிடைத்தது. இருக்கும் மண்ணுக்கு உரக்கடையில் ஜிப்சம் வாங்கி, ஒரு பெரிய பைக்கு இரண்டு மேசைக்கரண்டி தூவிக் கிளறி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும், தள்ளியது அடியில் வடிந்து போகும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. மக்கிய தொழு உரமும் சேருங்கள். மண் மறுபடி பொலபொலவென்று ஆகும், எனக்கு ஆனது.

கேள்வி: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். அதைவிட நல்ல தண்ணீர் உண்டா? ஆனாலும் தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓடு பொடித்துப் போட்டேன், எப்சம் சால்ட்டும் போட்டேன், நிற்கவில்லை. முழுக்கத் தேங்காய் நார்க் கழிவில்தான் வளர்க்கிறேன். (கோயம்புத்தூர் வாசகர்)

குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறுவாணி மிக மென்மையான தண்ணீர், கால்சியமும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு. மற்ற ஊர்க்காரர்களுக்குப் போர் தண்ணீரோடு கொஞ்சமாவது கால்சியம் போகும், உங்களுக்கு அதுவும் இல்லை. நார்க் கழிவோ தன்னிடம் இருக்கும் பொட்டாசியம், சோடியத்தை வெளியே விட்டு, வருகிற கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். இவை எல்லாம் சேர்ந்துதான் காயின் அடி கறுக்கிறது. அது நோய் இல்லை, பூஞ்சைக்கொல்லி அடிக்காதீர்கள்.

முட்டை ஓடு கரைய மாதக் கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட், அதில் கால்சியம் கிடையாது. போதாததற்கு மெக்னீசியம் கூடினால் வேர் கால்சியத்தை எடுப்பது இன்னும் குறையும், அதனால் இந்தச் சிக்கலுக்கு அது எதிர்வேலைதான் செய்யும். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கலந்து வாரம் ஒரு முறை வேரில் ஊற்றுங்கள். ஒன்று முக்கியம்: இதை 19:19:19-உடனோ எப்சம் சால்ட்டுடனோ ஒரே வாளியில் கலக்காதீர்கள். தண்ணீர் பால் போல வெளுத்து அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும், இரண்டு உரமும் வீண். மூன்று நாலு நாள் இடைவெளி விட்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால், எவ்வளவு கால்சியம் இருந்தாலும் காய்க்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு ஈரம் பார்த்து, சீராக ஊற்றுங்கள். கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், அது திரும்பத் தேறாது. அடுத்த கொத்திலிருந்து சரியாகும்.

அடுத்த முறை நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூன்று முறையாவது அலசி எடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கை அலசித்தான் அனுப்புகிறார்கள், உள்ளூர்க் கடையில் கிடைப்பது எல்லாம் அப்படி இல்லை.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வருகிறது, செடி செத்துவிடாதா? (திருச்சி வாசகி)

சாகாது. அவ்வளவு குறைந்த அளவு செடியை ஒன்றும் செய்யாது. ஆனால் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் கலக்கும் தண்ணீரை மட்டும் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து எடுங்கள், அதில் இருக்கும் நுண்ணுயிர்கள்தானே நமக்கு வேண்டும்.

கேள்வி: கறிவேப்பிலைத் துளிர் எலுமிச்சை நிறத்தில் வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. புளித்த மோர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி அப்படியே. போர் தண்ணீர், டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். (மதுரை வாசகர்)

நீங்கள் பார்த்ததை அப்படியே எழுதியதற்கு நன்றி, பாத்திரத்தில் படியும் வெள்ளைதான் இங்கே விடை. புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து எட்டவில்லை. எட்டவில்லை என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் நாளடைவில் மண்ணின் பி.எச். அளவை, அதாவது அமில-கார அளவை, 8 வரை ஏற்றிவிடும், அந்த நிலையில் இரும்பு கரையாது, வேரால் எடுக்க முடியாது. புளித்த மோரில் இருக்கும் அமிலம் கொஞ்ச நாளைக்குப் பி.எச்.-ஐ இறக்கியது, அதனால் துளிர் தெளிந்தது. நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர் அதைத் திரும்ப ஏற்றிவிட்டது. பாட்டி வைத்தியம் தப்பில்லை, தொடர்ந்து செய்ய வேண்டும், பத்து நாளுக்கு ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு நீர்க்க ஊற்றுங்கள். உப்பு போட்ட மோர் மட்டும் கூடாது.

உடனடிப் பலன் வேண்டுமென்றால் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தெளித்து இரண்டு வாரத்துக்கு அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். வேரில் ஊற்ற இரும்புச் சத்து வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள்: இ.டி.டி.ஏ. என்று இருப்பது உங்கள் மண்ணில் சீக்கிரமே பலனிழக்கும், இ.டி.டி.எச்.ஏ. என்று இருப்பதுதான் பி.எச். 8, 9 வரை தாங்கும், விலை கூடுதல். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார்கள், அந்தத் துரு இந்த மண்ணில் கரையவே கரையாது.

கீழ் இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு. கீழ் இலையில் நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம், அங்கேதான் எப்சம் சால்ட்டுக்கு வேலை, 2 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். எந்த இலை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் வைத்திருக்கும் ஸ்பைடர் செடியின் நுனி மட்டும் எப்போதும் பழுப்பு. மற்ற செடிகள் நன்றாகவே இருக்கின்றன. (தர்மபுரி வாசகி)

உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு, பல கிராமங்களில் அதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஸ்பைடர் செடி, டிரசீனா இரண்டும் ஃப்ளோரைடைக் கொஞ்சம்கூடத் தாங்காதவை. கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறிவாகத்தான் ஆகும். போர் தண்ணீரை நிறுத்திவிட்டு ஒகேனக்கல் தண்ணீரோ மழை நீரோ ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃப்ளோரைடு உண்டு, அதையும் தவிருங்கள். பழைய நுனியைக் கத்தரித்துவிட்டுப் புது இலையைக் கவனியுங்கள். இதை எழுதும்போதே ஒன்று கேட்கிறேன், வீட்டில் குழந்தைகள் குடிப்பது எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் என்றால் செடியை விடுங்கள், முதலில் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: பஞ்சகவ்யத்தையும் 19:19:19-ஐயும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் இரட்டைப் பலன் கிடைக்குமா? (சேலம் வாசகர்)

கலக்காதீர்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய 3 சதவீத அளவு, வடிகட்டித் தெளிக்கலாம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நடுவில் வரும் வாரத்தில் 19:19:19 லிட்டருக்கு 1 கிராம். எதுவாக இருந்தாலும் காய்ந்த மண்ணில் ஊற்றக்கூடாது, முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரம். அக்னி நட்சத்திர நாட்களில் அளவைப் பாதியாக்குங்கள், அப்போது செடி தண்ணீரைத்தான் அதிகம் இழுக்கும், சத்தை இல்லை.

கேள்வி: மழைநீரைச் செடிக்காகப் பிடித்து வைக்க ஆசை. சின்ன வீடு, எவ்வளவு கிடைக்கும்? எத்தனை நாள் வைக்கலாம்? (கடலூர் வாசகி)

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழை போதும், உங்களிடம் எத்தனை டிரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, அதைத் தூர் வாரி, இடையில் ஒரு கிளை பிரித்து டிரம்முக்குக் கொண்டுவரலாம். பருவத்தின் முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். கறுப்பு அல்லது நீல டிரம்மாக, வெளிச்சம் புகாததாக இருக்கட்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும். வாயைப் பழைய வேட்டித் துணியால் இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டுங்கள், டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத் தேடித்தான் வரும். இப்படி வைத்தால் தை, மாசி வரை நான் ஓட்டியிருக்கிறேன்.

எல்லாச் செடிக்கும் சமமாக ஊற்றித் தீர்க்க வேண்டாம். நாற்றுக்கும் பீன்ஸுக்கும் முதலில், மல்லிகையும் வெண்டையும் போர் தண்ணீரில் கொஞ்ச நாள் சமாளிக்கும். ஐப்பசி மழையில் தொட்டிகளை ஓரத்துக்கு நகர்த்தி மறைக்காமல் திறந்த மாடியில் நனைய விடுங்கள், அடித் துளை அடைத்திருக்கிறதா என்று முந்தின நாளே ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு அந்த ஒரு மாதத்தில்தான் இறங்கும்.